பாதி மேசை

தூத்துக்குடி,
12 ஜூன் 1975

கர்த்தருக்குள் பிரியமான தங்கை தேவகனிக்கு,

அண்ணன் கிருபாநிதி எழுதுவது. நானும் உன் மதினி ஜெயபாயும் சுகமாக இருக்கிறோம். பஹ்ரைன் வெயிலில், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே, உன் உடம்பைக் கர்த்தர் காத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் முழுவதும் கேள்விகள். மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வெளியே போகிறாரா என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறார். மதினி கொடுத்தனுப்பும் தூக்குவாளி காலியாகத்தான் திரும்பி வருகிறது. மற்றவற்றுக்கு நான் என்ன எழுத? நீ லீவு முடிந்து கப்பலேறிய நாளிலிருந்து உங்கள் வீட்டு வாசல் கதவு சாத்தியே கிடக்கிறது. ஆராதனைக்குக் கூப்பிட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம் மச்சான்" என்கிறார். சட்டை போடுவதில்லை. பொத்தானை ஒரு கையால் மாட்ட முடியவில்லை. மாட்டிவிட வேறொருவர் கையை விடுவதும் இல்லை. துறைமுகத்தில் வின்ச் இயந்திரத்தில் நின்று கப்பல் சரக்கைப் பூப்போல இறக்கிய மனிதர், தன் வலது கையை அதே வின்ச்சுக் கம்பியில் கொடுத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கும் ஆகவில்லை.

உன்மேல் அவருக்குக் கோபமா என்று கேட்டிருந்தாய். 'போ, உன் வேலையைப் பார்' என்று அவர் சொன்னதை நீ மறக்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு அவர் மனசு தெரியாது, தங்கச்சி. தெரியாததை எழுதி உன்னைத் தேற்ற மனம் வரவில்லை.

நம் வீட்டுச் சங்கதிகளையாவது எழுதுகிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார், சாயங்காலம் தொழிலாளர் மன்றத்தில் டேபிள் டென்னிஸ் கோச் என்று என் பிழைப்பு ஓடுகிறது. மன்றம், சங்கு குவித்து வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியில் நடக்கிறது என்பது உனக்குத் தெரியும். இப்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால், மேற்கே அடித்த பந்து பாதி வழியில் மனம் மாறி அடித்தவனிடமே திரும்பி வருகிறது. மூடினால் சங்கு நாற்றத்தில் ஆடுகிறவன் மயங்கி விழுகிறான். போன மாதம் நசுங்கிய பந்து ஒன்றை உப்பவைக்க வெந்நீரில் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடி போடாமல் சமைத்த உன் மதினி அதையும் முட்டைகளோடு சேர்த்துக் குழம்பில் விட்டுவிட்டாள். அன்றைக்கென்று குருவானவர் சாப்பிட வந்திருந்தார். அவர் விரலால் அழுத்தியதும் அது இலையை விட்டுத் துள்ளி, குழம்புக் கோடு போட்டுக்கொண்டே வாசல்வரை போயிற்று. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் கோழி?" என்று கேட்டார். மதினி இன்னும் அவர் முகத்தில் விழிக்காமல் கோயிலின் பின்வாசல் வழியாகப் போய் வருகிறாள்.

அதை விடப் பெரிய கூத்து ஒன்று. மன்றத்தைக் கல்யாணத்துக்கு விட்டிருந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், என் மேசையின் இரண்டு பாதியிலும் இலை போட்டுப் பந்தி நடக்கிறது. நடுவே வலையையும் கழற்றவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார், அந்தப் பக்கம் பெண் வீட்டார். ஒரு பாதியில் ரசம் கொட்டி, பலகை ஊறி உப்பிவிட்டது. ஆசாரி இழைத்துத் தருவதாகச் சொன்னார். அதுவரை நனையாத பாதியையும் மட்டை, பந்துகளையும் வைக்க இடமில்லாமல் உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டு வந்தேன். நம் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

நேற்று தூக்குவாளி எடுக்கப் போனபோது, சாத்திய கதவுக்குப் பின்னால் டக், டக் என்று சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி டக், டக். சுவரில் பந்து பட்டு மேசையில் விழுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? கதவைத் தட்டக் கையெடுத்தேன், தட்டவில்லை. தெருவில் நின்றே கேட்டேன். நடுவில் பந்து தவறும்போதெல்லாம் அவர் தன்னையே திட்டிக்கொள்வதும் கேட்டது. தூக்குவாளி இல்லாமலே வீட்டுக்கு வந்து மதினியிடம் ஏச்சு வாங்கினேன்.

இதை வைத்து நீ பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

உன்னை மறவாத அண்ணன்,
கிருபாநிதி


தூத்துக்குடி,
28 செப்டம்பர் 1975

அன்புள்ள தங்கை தேவகனிக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக. உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆசாரி மற்றப் பாதியைச் சரிசெய்து கொடுத்ததும், முற்றத்தில் கிடந்ததை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை அதன் ஒரு ஓரத்தை இடது கையால் தூக்கிப் பிடித்தார். "நானும் வாரேன்" என்றார். சட்டை போட்டிருந்தார், தலை வழியாக மாட்டுகிற, பொத்தான் இல்லாத சட்டை. தெருவில் போகும்போது அண்ணாச்சி கடையில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அன்று முதல் தினமும் கிட்டங்கிக்கு வந்தார். நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. சொன்னால் முகம் சுருங்கிவிடும் என்று பயந்து, எதிரே நின்று பந்தை மட்டும் திருப்பிப் போட்டேன். முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துபோன அந்த வலக்கையின் மடிப்பில் பந்தை வைத்து, மேலே எம்பவிட்டு, இடக்கையால் அடிக்க அவராகவே பழகிக்கொண்டார். எத்தனையோ பந்து என் நெற்றியில் பட்டது. ஒன்று சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்தின் கண்ணாடியை விரிசல் விட்டது. பழி என்மேல்தான் விழுந்தது.

போன சனிக்கிழமை எங்கள் கிட்டங்கியிலேயே மாவட்டப் போட்டி நடந்தது. பெயர் கொடுக்கலாமா என்று அவர்தான் கேட்டார். அவருக்கு எதிரே சாத்தான்குளத்திலிருந்து வந்த சங்கரபாண்டியன் என்ற பையன். நல்ல ஆட்டக்காரன். மாப்பிள்ளையின் நிலைமையை நான் முன்கூட்டியே நடுவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அந்த நடுவரை வேறு மேசைக்கு அனுப்பிவிட்டு, வேறொருவரை உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை முதல் பந்தை எம்பவிட்டதுமே புதிய நடுவர் கை தூக்கினார்.

"ஃபால்ட். பந்தை உள்ளங்கையில வச்சுத்தான் மேல போடணும். மத்தக் கையோட உள்ளங்கை எனக்குத் தெரியணும்."

புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார், பாவம். சொன்ன பிறகுதான் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டையை மேசைமேல் மெதுவாக வைத்தார். கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "எந்தச் சட்டம்வே பேசுதீரு! கையில்லாதவருக்குத் தனியாச் சட்டம் இருக்கு, புஸ்தகத்தைப் புரட்டும்!" என்று கத்திக்கொண்டே நடுவரை நோக்கி ஓடினேன். எழுந்த வேகத்தில் என் கால் மடக்கு நாற்காலியின் முதுகுக்குள் மாட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. இரும்பு நாற்காலியைக் காலோடு இழுத்துக்கொண்டு, கடகடவென்று மேசையைச் சுற்றி ஓடி, அவர் முன்னால் நின்று விரலை நீட்டிக் கூச்சல் போட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கிட்டங்கி முழுவதும் சிரித்தது. குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

வாசலில் நின்ற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "நாற்காலியோடயா மச்சான் சண்டைக்குப் போறீங்க?" என்றார். அதைச் சொல்லி முடிக்குமுன் சிரிப்பு அவரை மடக்கிவிட்டது, தங்கச்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. திரும்பி வந்து, உட்கார்ந்து, என் காலை அந்த நாற்காலியிலிருந்து ஒற்றைக் கையால் விடுவித்தவரும் அவர்தான்.

அந்தச் சங்கரபாண்டியன், "அவங்க எப்படிப் போட்டாலும் சரி சார், நான் ஆடுதேன்" என்றான். நல்ல மனசுள்ள பையன். ஆனால் மாப்பிள்ளை, "எனக்காவ விட்டுத் தர வேண்டாம் தம்பி. சட்டத்துல இருந்தா போடுதேன். இல்லேன்னா போயிருதேன்" என்றார். தலைமை நடுவர் வந்து புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. ஊனத்தால் முடியாதவருக்கு அந்த விதியைத் தளர்த்தலாம் என்று சத்தமாகவே வாசித்தார். ஆட்டம் தொடர்ந்தது.

மாப்பிள்ளை தோற்றுவிட்டார். ஆனால் அந்தப் பையன் வியர்த்து வழிந்துதான் ஜெயித்தான். கடைசிப் பந்து முடிந்ததும் கை கொடுக்க வந்தவன், எந்தக் கையை நீட்டுவதென்று தெரியாமல் தயங்கி, இடக்கையை நீட்டினான். மாப்பிள்ளை அதைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கடற்கரை ரோட்டில் நின்றுவிட்டார். தூரத்தில் தோணிகளில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலே பேசினார்.

"அவ எனக்குச் சோறு ஊட்டுவா மச்சான். பஹ்ரைன் ஆஸ்பத்திரியில செய்யுத வேலைதானே, அதே மாதிரி பொறுமையா, வாயைத் துடைச்சுவிட்டு. நான் அவளுக்குப் புருசனா, நோயாளியா? அதான் போன்னேன். போன்னு சொன்னதும் போயிட்டாளேன்னுதான் அப்புறம் தெனமும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இதையெல்லாம் அவளுக்கு எழுதிராதீங்க" என்றார். எழுதிவிட்டேன். முதல் முறையாக அவர் பேச்சைத் தட்டியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் இதை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் எப்படி ஜெபத்தில் முழங்காலிடுவேன்?

தங்கச்சி, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனி எனக்கு எழுதி அவரைப் பற்றி விசாரிக்காதே. அவருக்கே எழுது. கை எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று எதையும் கேட்காதே. நர்ஸ் தேவகனி இந்த ஒரு கடிதத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம். எத்தனை புள்ளியில் தோற்றீர்கள் என்று கேள். எந்தப் பந்தை விட்டீர்கள் என்று கேள். அடுத்த முறை அந்தச் சாத்தான்குளத்துக்காரனை எப்படி மடக்கப் போகிறீர்கள் என்று கேள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பதில் வர நாளாகும். எழுத்தும் கோணல்மாணலாக இருக்கும். பொறுமையாக வாசி.

சமாதானத்தின் தேவன் கடலின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் காப்பாராக.

உன் அண்ணன்,
கிருபாநிதி