காலி நாற்காலியில் இரண்டு பேர்

சான் ரெமிகியோ,
வெள்ளிக்கிழமை, கடை சாத்திய பிறகு

அன்பு மகன் வில்மெருக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, கடையைத் திறந்து மூடிக்கொண்டு, உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே முர்சியாவில் நீயும் மருமகளும் சின்னவளும் அதே மாதிரி இருக்க மாதா பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு முட்டிவலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் சதுக்கத்துப் பெஞ்சு வரைக்கும் போய் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு வந்து நடந்தேன் என்கிறார். உன் தங்கை ஃபானி இன்னொரு தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள், பள்ளிக்கூடச் சீருடை முழுக்க இப்போது அவளிடம்தான். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ பாதியில் வண்டி வந்துவிட்டது அம்மா என்று ஓடிவிடுகிறாய், இது பாதியில் விடக்கூடிய கதை இல்லை. பக்கத்துக் கடை லீடாவின் மகள் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சை விடு. கடை போகவில்லை. பஸ் நிறுத்தமும் போகவில்லை. கடையை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு அம்மா என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மேயர் ஆற்றங்கரைப் பக்கம் ஊருக்கு வெளியே புதிய பஸ் நிலையம் கட்டி மலை பஸ்களையெல்லாம் அங்கே கொண்டுபோய் நிறுத்தத் திட்டம் போட்டது உனக்குத் தெரியும். மலைக்காரர்கள் காலையில் கொக்கோ மூட்டையோடு சந்தைக்குப் பின்னால் இறங்குகிறார்கள், மூட்டையை விற்றுவிட்டு சந்தைக்குள் நடந்து முன்பக்கம் வந்து என்னிடம் பூட்ஸ், வெட்டரிவாள், வாளி, கயிறு வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். பஸ் ஊருக்கு வெளியே நின்றால் அங்கேயே விற்று அங்கேயே வாங்கி அங்கேயே ஏறிவிடுவார்கள். அப்புறம் நான் ரப்பர் பூட்ஸை யாருக்கு விற்பது, மேயருக்கா? நான் தலையில் கூடை சுமந்து ஆரம்பித்து சுவர் எழுப்பிய கடை அது. சும்மா விட முடியுமா?

நகரசபையில் ஐந்து உறுப்பினர்கள், மேயருக்கும் ஒரு ஓட்டு. மேயரும் இரண்டு உறுப்பினர்களும் அந்தப் பக்கம், மலைக்கிராமங்களுக்காக ஜெயித்த செகுந்தோவும் இன்னும் இரண்டு பேரும் நம் பக்கம். சமமாக வந்தால் மேயர் சொன்னதுதான் முடிவு. அதனால் எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டியிருந்தது. சபை மண்டபத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்குமே, பார்த்திருப்பாய். ஊர்க்காரர் யாராவது முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அதில் உட்கார்ந்து உறுப்பினர் மாதிரியே பேசலாம், ஓட்டும் போடலாம். சட்டத்தில் இருக்கிறதே தவிர நம் ஊரில் அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, கூட்டுகிற அம்மாள் அதில் தன் பையை வைப்பாள், அவ்வளவுதான். சந்தைச் சங்கத்தில் கூடிப் பேசி என் பெயரைக் கொடுத்தார்கள். நான் புத்திசாலி என்பதற்காக இல்லை, "தர்ஹேலியா கத்தினா ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும்"னு மீன்காரன் சொன்னான், எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

கூட்டத்தன்று நல்ல பாவாடை கட்டிக்கொண்டு போனேன். போனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் பூசைக்குப் போகிற கறுப்பு உடையில், விசிறியோடு, யார் நிற்கிறாள் என்று நினைக்கிறாய், உன் ஞானத்தாய் சொய்லா. அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள், பஸ்ஸை ஊரைவிட்டு வெளியே அனுப்பச் சொல்லி, பஸ் நிற்கிற பின்தெருக்காரர்கள் சார்பாக. எங்களுக்குள் பேச்சு நின்றது உனக்குத் தெரியும். சந்தைக் கழிவுத் தண்ணீர் அவள் வாசலில் தேங்குகிறது என்று அவள் ஒரு நாள் அதையே வாளியில் மொண்டு வந்து என் கடையில் விற்க மாட்டியிருந்த வலை ஊஞ்சல்கள் மேல் ஊற்றினாள். அந்த வாளியும் நான் விற்றது. அதற்குப் பிறகு கோயிலில்கூட அவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம்.

சபைச் செயலாளர் ஓடிப்போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து ஒட்டிப் போட்டார். பின்னால் ஜனங்களோடு உட்கார்ந்திருந்த உன் அப்பா, "அடுத்த தரம் பெஞ்சே போட்டுடுங்க சார், ஊரே உக்காரட்டும்" என்று குரல் கொடுத்தார், நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினார். செயலாளர் சட்டத்தை வாசித்தார்: பெயர் கொடுத்தவர் இருவரானாலும் நாற்காலி ஒன்றுதான், ஓட்டும் ஒன்றுதான், இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால் அந்த ஓட்டு செல்லும், வராவிட்டால் பேச மட்டும் செய்யலாம், ஓட்டு கிடையாது. எங்கள் ஓட்டு இல்லாவிட்டால் சமம், சமமென்றால் மேயர் சொன்னதுதான். மேயரைப் பார்த்தேன். தராசில் விரலை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற வியாபாரியின் முகம் எனக்குத் தெரியாதா, அதே முகம்.

நான் எழுந்து சந்தைக்காகப் பேசினேன், நன்றாகவே பேசினேன். பிறகு சொய்லா எழுந்தாள். அவளுக்குப் பேசத் தெரியாது என்று நினைத்திருந்தேன். "விடியறதுக்கு முன்னாடி என் ஜன்னலுக்குக் கீழ இன்ஜின ஓடவிட்டு நிக்குறாங்க. வெள்ளைத் துணி காயப்போட்டா சாம்பலா எடுக்கறேன். ரேடியோ கேக்கறதில்ல, கோயில் மணி கேக்கறதில்ல. அந்த ஜன்னல எப்பக் கடைசியா தெறந்தேன்னு எனக்கே ஞாபகமில்ல" என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை, அதுவே எனக்குக் கோபமாக இருந்தது.

கலந்து பேச எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். பழைய மேயர்களின் படங்கள் மாட்டியிருக்கிற தாழ்வாரத்தில் போய் நின்றோம். அவள் படங்களைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் அவள்தான், "வில்மெர் எப்படி இருக்கான்?" என்றாள். தக்காளிக் கூடாரத்தில் வேலை, இளைத்துவிட்டான் என்றேன். "அவ ஒழுங்கா சமைச்சுப் போடறதில்லையா?" என்று கேட்டாள், இந்த வரியை மருமகளுக்குப் படித்துக் காட்டாதே. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "கொமாத்ரே, உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றாள். உன் ஞானஸ்நானத்திலிருந்து ஒருத்தியை ஒருத்தி அப்படித்தானே அழைத்துக்கொண்டிருந்தோம், அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "மேயர் என் வீட்டுக்கே வந்து காப்பி குடிச்சிட்டு, நீங்களும் பேர் குடுங்கம்மா, பாவம் உங்க கஷ்டம் யாருக்குத் தெரியுதுன்னு சொன்னான். இந்தச் சட்டத்த மட்டும் சொல்லல. ஏன்?" என்றாள். "நாம சேரமாட்டோம்னு ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா?" என்றேன். அவள் விசிறியைப் படாரென்று மடக்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் பாதி கிணறு தாண்டிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்காக அவள் சும்மா விட்டுக்கொடுத்தாள் என்று நினைக்காதே. "பஸ் என் ஜன்னலுக்குக் கீழ நிக்கக் கூடாது, அது மாறாது" என்றாள். நான் சொன்னேன், "சதுக்கத்துல நீரூற்று கட்டறேன்னு தோண்டின குழியில இப்ப வாத்து நீந்துது. பஸ் நிலையம் எப்பக் கட்டி முடிப்பான்? அதுவரைக்கும் உன் ஜன்னல் சாத்தித்தான் கிடக்கும். நான் சொல்றது வர்ற திங்கட்கிழமையே நடக்கும், பஸ் பின்தெருவ விட்டு சந்தைக்கு முன்பக்கம் வந்துடும்." அவள் கண்ணைச் சுருக்கினாள். "முன்பக்கம்னா உன் கடை வாசல். நடைபாதைய அடைச்சு பூட்ஸும் வாளியும் அடுக்கி வச்சிருக்கியே, அத எடுப்பியா? கழிவுத் தண்ணிக்கும் வேற பக்கம் வழி பண்ணணும். ரெண்டும் எழுதி வந்தாத்தான் நான்." நான் நெஞ்சில் கை வைத்தேன். என் வியாபாரமே அந்த நடைபாதையில்தான் நடக்கிறது என்றேன், குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது மகனே: பஸ் கதவு திறந்தால் மலைக்காரன் முதல் காலை வைக்கிற இடம் என் கடைப்படி. அவள் விடாப்பிடியாக நின்றாள், நான் மெல்ல மெல்லத் தோற்றேன்.

செகுந்தோவைக் கூப்பிட்டு பஸ்ஸை முன்பக்கம் மாற்ற அவர் கொண்டுவருகிற தீர்மானத்தில் இரண்டு நிபந்தனையையும் சேர்க்கச் சொன்னோம். ஆனால் ஓட்டை ஒரு வாய்தான் சொல்ல வேண்டும். "நான் சொல்றேன்" என்றாள் சொய்லா. அவள் உள்ளே போய் மேயர் பக்கம் சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, பஸ் போய்விடும், கடையும் போய்விடும். ஆனால் உன்னைப் பிறந்த பச்சை மண்ணாகத் ஞானஸ்நானத் தொட்டி மேல் பிடிக்கச் சொல்லி அவள் கையில்தானே கொடுத்தேன். சரி, நீயே சொல் என்றேன்.

மேயரின் திட்டத்துக்கு ஓட்டெடுப்பு. வேண்டும் மூன்று, வேண்டாம் மூன்று, எல்லோருக்கும் தெரிந்ததுதான். செயலாளர் "காலி நாற்காலி?" என்றார். சொய்லா நிதானமாக எழுந்தாள், சால்வையைச் சரிசெய்தாள், கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தாள், மடித்து உள்ளே வைத்தாள். மீன்காரன் சிலுவை போட்டுக்கொண்டான். "வேண்டாம்" என்றாள். மேயர் முன்னால் சாய்ந்து, "சொய்லாம்மா, கேள்வி சரியாப் புரிஞ்சுதா?" என்றார். "கேள்வியும் புரிஞ்சுது, நீங்க எங்க வீட்ல வந்து காப்பி குடிச்சது எதுக்குன்னும் புரிஞ்சுது" என்றாள். மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு செகுந்தோவின் தீர்மானமும் அதே ஓட்டில் நிறைவேறியது. கூட்டம் கலைந்தது. அவள்தான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மேயரைக் குறை சொல்லக் கூடாது, தோற்றாலும் லாபம் பார்க்கிற ஆள். திங்கட்கிழமை தானே வந்து புதிய நிறுத்தத்துக்கு மஞ்சள் கோடு போடுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார், ஏதோ தன் யோசனை போல. மழைச் சேற்றுக்காக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினார், என்னிடம்தான், விலையைக் குறைக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி கிளப்பினாலும் கிளப்புவார், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வாளிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறேன், உன் அப்பா தினம் தலையில் இடித்துக்கொள்கிறார். வியாபாரம் முன்னைவிடக் கூடத்தான் இருக்கிறது. புதன்கிழமை சொய்லா கடைக்கு வந்தாள். "தாழ்வாரத்துல முகத்த என்ன அழகா தொங்கப்போட்ட! பேரத்துல நீ அழுதா நான் நம்பறவளா?" என்றாள். தெரிந்தே ஏன் ஒப்புக்கொண்டாய் என்றேன். "எனக்கு ஜன்னல் தெறக்கணும், உனக்குக் கடை தெறக்கணும், இதுல அழுகை எதுக்கு?" என்று சொல்லி, ஞானத்தாய்க்கு விலையில் தள்ளு என்று சண்டை போட்டு ஒரு வாளி வாங்கிக்கொண்டு போனாள். பழைய வாளி ஓட்டையாம்.

ஆகவே நான் அங்கே வரவில்லை, நீதான் வருகிற திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே நம் கடை. கூடாரத்தில் மருந்து அடிக்கிற நாளில் முகத்தை மூடிக்கொள், கங்காணி சிரித்தால் சிரிக்கட்டும். பொட்டலத்தில் கொக்கோ உருண்டையும் வறுத்த பார்லி மாவும் இருக்கிறது, மாவை ஈரமில்லாத டப்பாவில் வை. மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடி அண்டாமல், கைக்கு வேலை குறையாமல் இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு எத்தனை தரம் கூப்பிட்டும் ஞானத்தாய் போனை எடுக்கவில்லை, உன்மேல் இருக்கிற கோபத்தை என்மேல் காட்டுகிறாள் அம்மா என்று வருத்தப்பட்டாயே. அவள் கோபப்படவில்லை. சந்தையின் பின்பக்கக் கதவு வழியாக இன்று பார்த்தேன், அவள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் அவளைக் கூப்பிடு. இப்போது போன் மணி அடித்தால் அவளுக்குக் கேட்கும்.

உன் அம்மா,
தர்ஹேலியா