தொலைபேசியில் பேசியவள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நீ நலமா? இங்கே அப்பாவும் நானும் நலம். நீ கேட்டபடி, நீ அங்கே எடுக்கும் உடற்பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டிய ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். "ஆர்மெ ஹோஹ்" என்றால் கைகளை மேலே தூக்கு. "டீஃப் ஐன்ஆட்மென்", மூச்சை ஆழமாக இழு. "நோஹ் ஐன்மால்", இன்னொரு முறை. இதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

அப்பா நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கே வந்து முதலாளியிடம், "என் பெரியவளுக்கு ஜெர்மன் தண்ணி பட்ட பாடு. போன்ல பேசினதுமே வேலை குடுத்துட்டாங்க" என்றார். நான் தலையைக் குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அன்று போனில் உனக்குப் பதிலாகப் பேசியது நான்தான் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் இருந்தது.

உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 19

என் ஊமைக்கோட்டானுக்கு,

நீ அனுப்பியதை மனப்பாடம் செய்துதான் வகுப்பு எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை வயதான ஒரு அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள். புரியவில்லை. சிரித்தபடி "நோஹ் ஐன்மால்" என்றேன். திரும்பவும் சொன்னார்கள். நானும் திரும்பவும் அதையே சொன்னேன். வலிக்கிறது, நிறுத்து என்று கெஞ்சியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது தோளில் கட்டோடு வீட்டில் இருக்கிறார்கள்.

"போன்ல அவ்வளவு நல்லா பேசினியே, என்னாச்சு?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். அது மட்டும் புரிந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

அன்று வேலைக்கான போன் வந்தபோது நீ பயந்து அதை என் கையில் திணித்தாய் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. நீ நீட்டுவதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். உன் ஜெர்மன் நோட்டைப் பார்த்து வாய்க்குள்ளேயே படித்ததை ஒரு ஆளிடமாவது பேசிப் பார்க்க ஆசை. மேலாளர் பாராட்டியபோது, அது உனக்கான பாராட்டு என்பதே மறந்துபோனது.

வேலை போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. நான் அப்பாவிடம் சொல்கிறேன்.

உன் ஊமைக்கோட்டான்

ஏப்ரல் 12

குட்டி,

தெரிந்த நாலு வார்த்தையில் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. துண்டு துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டு, மொழியை ஒழுங்காகப் படி என்றார். அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

இன்னொன்று. போனில் பேசியது யார் என்று மேலாளர் கேட்டார். காலேஜ் தோழி என்றேன். எட்டாவதோடு நின்று பட்டன் தைக்கிற தங்கை என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் மறைத்தால் இன்னும் கேவலம் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நானாக இருந்தாலும் தோழி என்றுதான் சொல்லியிருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

போனில் பேசியது நான்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீயா? உனக்குத் தமிழே வாய்ல வராதே" என்று சிரித்தார். "எங்க, ஒண்ணு பேசு பாப்போம்."

"வோ டூட் எஸ் வே" என்றேன்.

"அப்படின்னா?"

"எங்க வலிக்குதுன்னு அர்த்தம்பா. வகுப்புல மொதல்ல கேக்க வேண்டியது. அக்காவுக்கு எழுதி அனுப்ப மறந்துட்டேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு தையல் கடைப் பக்கம் வருவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை,
எட்டாம் வகுப்பு