ஜெபாவின் காலுக்கு எட்டிய சைக்கிள்

கும்மிடிப்பூண்டி,
20.7.2025, ஞாயிறு.

அன்பு மகன் ஸ்டீபனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தங்கை ஜெபாவும் நலம். தோஹா வெயிலில் உன் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அம்மா இன்று காலையும் சர்ச்சில் மண்டியிட்டுவிட்டு வந்தாள். ஜெபா நலம் என்று எழுதினேனே, அவள் தாடையில் போட்ட மூன்று தையலைப் பிரித்து எட்டு நாளாகிறது என்பதையும் சேர்த்தால்தான் அது முழு உண்மை. உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னைத் தடுத்துவிட்டாள். வீடியோவில் நீ கூப்பிட்டபோதெல்லாம் நெட் நிற்கவில்லை என்றாளே, நெட் நன்றாகத்தான் இருந்தது. காயம் ஆறிவிட்டது, பல்லுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த சைக்கிளை நான் கடையில் கொண்டுபோய் மாற்றிவிட்டேன் என்று பென்னி மாமா உனக்குப் போன் செய்து சொன்னதும், அவன் மேலிருக்கும் பழைய காழ்ப்பில் நான் உன் பரிசைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நீ என்னிடம் கத்திவிட்டுப் போனை வைத்ததும் போன ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாய்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மே மாதக் கடைசியில் நீ அனுப்பிய பணத்தில் பென்னிதான் கடைக்குப் போனான், என்னை அழைக்கவில்லை. இருபத்தாறு இஞ்ச் சக்கரம், நடுவில் குறுக்குக் கம்பி, கியர், முன்னால் கூடை என்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அதன் சீட் ஜெபாவின் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை ஏறுமா என்று அம்மாவே தயங்கினாள். அதற்கு அவன், "இன்னாக்கா நீ, வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவா வாங்குவாங்களா? ரெண்டு வருஷத்துல கால் தானா எட்டும், அப்பால இன்னொண்ணு வாங்கிக்கினு இருப்பியா?" என்றான். தெருவே தலையாட்டியது. நம் ஆட்கள் எதை அளவாக வாங்கியிருக்கிறார்கள் சொல்லு. யூனிபார்ம் என்றால் கை மடித்துத் தைக்க வேண்டும், ஷூ என்றால் முன்னால் பஞ்சு வைக்க வேண்டும். நான் ஆறாவது படித்தபோது என் சட்டை முட்டியைத் தொட்டது. அதைப் பார்த்து, உன் அப்பனும் சேர்ந்து போட்டுக்கொள்வானா என்று கேட்ட வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அளவு துணியில் தவறினால் கேலியோடு போய்விடும். ஓடுகிற பொருளில் தவறினால் அப்படிப் போகாது. இருபத்தாறு வருடமாக மில்லில் கம்பியின் குறுக்களவை மில்லிமீட்டரில் பார்த்துத் தள்ளுபடி செய்கிறவன் நான். அந்தச் சைக்கிள் தவறு என்று பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவனுக்குக் கம்பி அளக்கிற வேலைதானா கிடைத்தது என்று என் கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சிரித்தவன் பென்னி. அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் நான் பொறாமைப்படுகிறேன் என்பான், அவனே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டது அவன் இல்லை, என் பிள்ளை. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஜெபா ஓட்டுகிற வீடியோ ஒன்று உனக்கு வந்ததே, நீகூடக் கைதட்டுகிற பொம்மையெல்லாம் அனுப்பினாயே, அதில் பின் சக்கரம் தெரிகிறதா என்று மறுபடி பார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடியது பென்னி. எடுத்தது அவன் மகன் விமல். பள்ளி திறந்த பிறகு ஐந்து வாரம் அவள் தினமும் சைக்கிளோடுதான் கிளம்பினாள், கிரீஸ் பட்ட பாவாடையோடு திரும்பினாள், ஓட்டிப் பழகிவிட்டாள் என்றே நானும் நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் கொய்யா விற்கிற சின்னப்பொண்ணு பிறகு சொன்னாள்: "அது ஏறி நான் பாத்ததே இல்ல சார். மாட்ட இஸ்துக்கினு வர்ற மாதிரி இஸ்துக்கினு வரும், இஸ்துக்கினு போவும். ஏம்மா, சைக்கிள் உன்ன ஓட்டுதா, நீ சைக்கிள ஓட்டுறியான்னு கேட்டா மொறைக்கும்." இப்படி இருந்தவள், உன் பிறந்தநாளுக்குத் தனியாக ஓட்டி ஒரு வீடியோ அனுப்ப வேண்டும் என்று இந்த மாதம் ஐந்தாம் தேதி சனிக்கிழமை ஐஸ் கம்பெனிச் சரிவில் யாருக்கும் சொல்லாமல் கல்மேல் கால் வைத்து ஏறியிருக்கிறாள். கீழே லாரிகள் திரும்புகிற ரோடு. பிரேக் பிடிக்கப் பார்த்தால் விரல் லிவருக்கு எட்டவில்லை, காலை ஊன்றப் பார்த்தால் தரை எட்டவில்லை. புத்தியுள்ள பிள்ளை, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டியை விட்டாள். தாடை ஹேண்டில்பாரில் இடித்தது. தையல் போடும்போது என்ன சொன்னாள் தெரியுமா, "அப்பா, அண்ணங்கிட்ட சொல்லாதப்பா, சைக்கிள் நல்லாத்தான் கீது, நான்தான் குள்ளமா கீறேன்" என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகும் நான் சும்மா இருந்தால் நான் மனிதனில்லை.

தையல் பிரித்த அன்றே அளந்தேன். நீயும் தெரிந்துகொள், எதிர்காலத்தில் உதவும். வயதைக் கேட்டுச் சைக்கிள் வாங்கக்கூடாது, உயரம்கூடப் பாதிக் கணக்குதான், கால்தான் முக்கியம். செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்து, தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும்வரை ஏற்றி, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஜெபாவுக்கு ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அந்த வண்டியின் சீட்டை முழுக்க இறக்கினாலும் எழுபத்தைந்து. பிறகு அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் தணிகைவேல் நியாயமான மனிதர், பழைய வண்டியை எடுத்துக்கொண்டார், ஆனால் அவரும், "ஒரு சைஸ் கூடவே எடுத்துக்கோ சார், புள்ள வளரும்" என்றார். பிள்ளை வளரட்டும், பிரேக்கை இன்றைக்கே பிடிக்க வேண்டுமே என்றேன். சிரித்துக்கொண்டே இருபது இஞ்ச் எடுத்துத் தந்தார். உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் படுகிறது, விரல் மடங்கி லிவரைப் பிடிக்கிறது. முதல் மூன்று நாள் பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தி ஓடவிட்டேன், நான்காம் நாள் மாட்டிக் கொடுத்தேன், யாரும் பிடிக்காமல் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டாள். நான் சொன்னால் சொன்னதுதான். பென்னி வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமா, சர்க்கஸ் கரடிக்கு வாங்கின மாதிரி கீது" என்றான். ஜெபா அவனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் காலருகே டக்கென்று பிரேக் போட்டாள். அவன் துள்ளிய துள்ளலைப் பார்த்து உன் அம்மாவே சிரித்துவிட்டாள். அவனிடம் நான் சமாதானம் பேசமாட்டேன், அதை நீயும் எதிர்பார்க்காதே.

ஆனால் ஜெபாவின் விஷயம் வேறு. நீ போனில் கத்தியதை அவள் கதவோரம் நின்று கேட்டுவிட்டாள். அண்ணன் தன்மேல் கோபமாக இருக்கிறான் என்றே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டக் கற்றுக்கொண்டதை உனக்குக் காட்டக்கூட வேண்டாம் என்கிறாள். என்னோடு நீ பேச வேண்டாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு, நானும் அப்படி இருக்கத் தெரிந்தவன்தான். அம்மா போனுக்குக் கூப்பிட்டு அவளிடம் கொடுக்கச் சொல். சின்ன வண்டியை அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று நீயாகக் கேள். தழும்பைப் பார்த்தால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நீ போனபோது அவளுக்கு ஆறு வயது, எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல் கொஞ்சம் கூட்டியே நினைத்து, பென்னி வாங்கியதற்குச் சரி என்றிருப்பாய், அதில் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. மதிய வெயிலில் வெளியே நிற்காதே, தண்ணீர் குடி, ஹெல்மெட்டைத் தளர்வாகப் போடாதே. புது வண்டியின் சீட் கம்பியில் இன்னும் நான்கு விரல் அளவு ஏற்ற இடமிருக்கிறது, என் கணக்குப்படி ஒன்றரை வருடம் வரும். அது தீர்வதற்குள் லீவு போட்டு வந்துவிடு. அடுத்த சைக்கிளுக்கு நீயே அவளைச் சுவரோடு நிறுத்தி அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. மோசஸ்