மூன்று மஞ்சள் கிண்ணங்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு யாவரும் நலம். உன் முதுகுவலி தேவலையா? நலம் விசாரிப்பை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கை பரபரக்கிறது. கிடைத்துவிட்டதடி! நான் ஆச்சரியக்குறி போட்டு நீ பார்த்ததே இல்லை. இன்னொன்றும் போடுகிறேன்: முழுதாக மூன்று வருடங்களுக்கு!

மருத்துவ ஆராய்ச்சிக்கூடங்களில் வேலைக்குப் போகும் அளவுக்கு எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் கொடுக்கும் பயிற்சிக்கு நிதி கேட்டிருந்தேன் அல்லவா, அதுதான். இந்த முறையும் இல்லையென்றால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய விடைத்தாள்களை அடுக்கப்போவதாக முதல்வர் சொல்லியிருந்தார். கடிதம் வந்ததும் 'வருந்துகிறோம்' எந்தப் பத்தியில் இருக்கிறது என்று நான்கு முறை தேடினேன். எங்கும் இல்லை.

ஆனால் அது கிடைத்த விதத்தைக் கேட்டால் சிரிப்பாய். போன மாதம் நிதிக்குழுவிலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். நெட்டையாக ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்ட ஓர் அம்மாள். அவர்களுக்காக மூன்று நாள் முன்பே கூடத்தைத் துடைத்தோம். செல்கள் வளரும் இன்குபேட்டரை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே துடைத்தேன். உள்ளே ஈரப்பதத்துக்காக ஒரு ட்ரேயில் தண்ணீர் இருக்குமே, அதையும் மாற்றினேன். அவசரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டேன். கிருமி நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று வருடம் முழுக்கக் கத்துகிறவள் நான்.

அவர்கள் வரும் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தால், செல்கள் வளரும் பன்னிரண்டு கிண்ணங்களில் மூன்று கலங்கி மஞ்சளாகியிருந்தன. கிருமி புகுந்ததற்கு அடையாளம் அது. ஒன்பதை மட்டும் வெளியே வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

பிள்ளைகளில் ஒருத்திக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். வாயைத் திறந்தாலே அதுதான் வரும். நல்ல கை அவளுக்கு. ஆனால் நான்கு மணி அடித்ததும் மருந்துக்கடை வேலைக்கு ஓடிவிடுவாள். செல்கள் நான்கு மணிக்குக் கடையடைக்குமா? உதவித்தொகை வராவிட்டால் படிப்பையே விட்டுவிடப்போவதாக இருந்தாள். அவள் என்னிடம் வந்து, "மேடம், ஒரு சந்தேகம். அப்போ நோட்டுல என்ன எழுதறது?" என்றாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அந்த அம்மாள் கிண்ணங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் நோட்டை எடுத்தார். காலை எட்டரைக்கு அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்: மூன்று கிண்ணங்கள் கெட்டுவிட்டன, காரணம் தெரியவில்லை. "எங்கேம்மா அந்த மூணு?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துவரச் சொன்னேன்.

எங்கள் இன்குபேட்டர் கதவில் ஒரு தாள் தொங்கும். யார் திறந்தாலும் பேர், நேரம், காரணம் எழுத வேண்டும். சந்தேகம் காரணம் தேடி அதை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். என் கையெழுத்தில், 'ட்ரே தண்ணீர் மாற்றம்'. அவளுக்குச் சந்தேகமே வராத ஒரே நாள் அதுதான். நான்தான் மாற்றினேன், குழாய்த் தண்ணீர் என்று நானே சொன்னேன். காது மடல் எரிந்தது.

"சொல்லிக்கொடுக்கறவங்களே இப்படின்னா..." என்று நெட்டையர் இழுத்தார். அதற்குள் அந்தப் பெண், "சார், ஒரு நிமிஷம்" என்று ட்ரேயிலிருந்து ஒரு சொட்டு, கெட்ட கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இரண்டிலும் ஒரே மாதிரிக் கிருமிகள் குச்சி குச்சியாக நெளிந்தன. இதை வைத்தே முடிவு சொல்ல முடியாது, வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று வேறு சொன்னாள்! நெட்டையர் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு விளக்கினார்கள். வாங்கி வைத்த காபி ஆடை கட்டிப்போனது. கிளம்பும்போது அந்த அம்மாள், "ஒன்பதை மட்டும் காட்டியிருந்தீங்கன்னா நாங்க எப்பவோ கிளம்பியிருப்போம்" என்றார். அது திட்டா பாராட்டா என்று நிதிக் கடிதம் வரும்வரை எனக்குப் புரியவில்லை.

பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இந்த நிதியில் அடக்கம். சந்தேகம் மருந்துக்கடையில் சொல்லிக்கொண்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். இப்போது ஆறு மணி ஆனாலும் நான்தான் அவளை விரட்ட வேண்டியிருக்கிறது.

இனி உன் விஷயம். இந்த நிதியில் செல் வளர்ப்பு சொல்லிக்கொடுக்க ஒரு முழுநேர வேலையும் உண்டு. நம் பட்டம் போதும். 'எத்தனை வருட இடைவெளி இருந்தாலும் தடையில்லை' என்ற வரியை விண்ணப்பத்தில் நான்தான் சேர்த்தேன். இது எதற்கு என்று நெட்டையர் கேட்டார். அவசியம் என்றேன். தேர்வுக்குழுவில் நான் இருக்க மாட்டேன், அதையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். உன் கை போதும்.

நம் இருவருக்கும் சேர்த்து மேற்படிப்புக்கு ஒரே ஓர் உதவித்தொகை வந்த வருடம், "நீ போடி ஊமைக்கோட்டான், எனக்குப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு" என்று சிரித்தாய். எதையும் நம்பாத நான் அதை மட்டும் உடனே நம்பிவிட்டேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. நம் கூடத்தில் ஒரு கிண்ணம்கூடக் கெடாமல் வளர்த்தவள் நீ ஒருத்திதான்.

உன் இன்சூரன்ஸ் ஆபீசில் நேர்காணலுக்கு விடுப்புக் கிடைக்காது என்று எழுதாதே. விண்ணப்பிக்க மாதக் கடைசிவரை நேரமிருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கதவிலுள்ள தாளின் மேல் பிள்ளைகள் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள்: 'ட்ரேயை மேடம் தொடக்கூடாது.' யாராவது தண்ணீர் மாற்றியாக வேண்டும். வந்துவிடு.

என்றும் உன்,
ஊமைக்கோட்டான்