வேரில் வந்த கட்டி

அன்புள்ள கமலாக்கா,

உன் நர்சரி வாசலில் இன்றைக்கும் லாரி நிற்கிறது. ஒரகடத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு, அழகுக்கு வைக்கிற, ஈச்சங்கன்று மாதிரி ஓலை விரிக்கும் சைக்கஸ் செடிகள் போகின்றன. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பிள்ளைப்பாக்கம் வந்தேன். மாமா கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு செடியையும் தொட்டியிலிருந்து கவிழ்த்து, வேரில் இருக்கும் கட்டிகளைச் சீவுகிறார். நீ போனதிலிருந்து இப்படித்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்துப் பயம் பிடித்த மனுஷனிடம் என்ன பேசுவது, சொல்லு?

செடி வாங்க வருகிறவர்கள் உன்னிடம் கேட்பார்களே, மண்ணுக்கு மேலே இஞ்சித் துண்டு மாதிரி முண்டிக்கொண்டு நிற்கும் அந்த வேரைப் பார்த்து. "இன்னாம்மா இது, கட்டி கட்டியா கீது? சீக்கா?" நீ சிரித்துக்கொண்டே ஒன்றைக் கிள்ளி, உள்ளே இருக்கும் பச்சை வளையத்தைக் காட்டுவாய். "பாசிங்க. காத்துல கீற சத்தைப் புடிச்சு செடிக்குக் குடுக்குது. செடி அதுக்குக் குடியிருக்க எடம் குடுக்குது. பூவுன்னு ஒண்ணு ஒலகத்துல வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து ரெண்டும் ஒண்ணாத்தான் கீதுங்க."

உன் கழுத்தில் கட்டி வந்தபோதும் அதே சிரிப்பு. "இதுவும் பாசிதான், வுடுடி. வலிக்கவே இல்ல." கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, எல்லாம் கைமீறிப் போயிருந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அக்கா.

மாமா கண்ணுக்கு இப்போது எல்லாக் கட்டியும் ஒன்றுதான். "பாத்ததுமே அறுத்துடணும் சாந்தி. அவளுக்கு அறுக்காமதான போச்சு" என்கிறார்.

பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அவர் சீவி அனுப்பிய செடிகளைப் போன வாரம் பார்த்தேன். கட்டடம் இடித்த, சத்தில்லாத மண்ணைக் கொட்டி, அதில் நட்டிருக்கிறார்கள். பழைய ஓலை கரும்பச்சையாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். குருத்து மஞ்சள். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. சீவின காயம் வழியாக அழுகல் ஏறிவிட்டது. தண்டில் சேர்த்து வைத்திருப்பதைத் தின்றுகொண்டு கொஞ்ச காலம் பச்சையாகவே நிற்கும். அந்த வரிசை முழுக்க அப்படித்தான், அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு மாமாவிடமிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். "குட்த்துடு சாந்தி, எனக்கு பயமா கீது" என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சீவாமல் மிச்சம் இருப்பது உன் பெரிய தாய்ச்செடி ஒன்றுதான்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். குளிக்கும்போது என் மார்பில் ஒன்று கையில் பட்டது. சின்னதுதான். வலி இல்லை.

தாய்ச்செடியின் வேரில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். நாளைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போகிறேன். உன்னை மாதிரி சிரிக்கமாட்டேன், அக்கா. சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி