என் அறை வழியாக ஒரு தண்டவாளம்

பிப்ரவரி 16, ஞாயிறு

என் அறைச் சுவரில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. பெருக்குவதற்காக அலமாரியைத் தள்ளியபோதுதான் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் நேராகப் போய், மூலையில் திரும்பி, அடுத்த சுவரில் ஜன்னலுக்குக் கீழே முடிகிறது. மூலையில் சின்ன எழுத்தில் 'மெதுவாக' என்று எழுதியிருக்கிறது. பெயின்ட் அடித்தவர்கள் போட்ட கோடாக இருக்காது. அவர்கள் எதற்கு மெதுவாக என்று எழுத வேண்டும்?

நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இது குகன் அங்கிள் வீடு. அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நல்லவர்தான். அதிகம் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். அதனால் சாப்பாட்டு மேசையில் அம்மா ஒருவரே மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார்.

அங்கிளை அப்பா என்று கூப்பிடச் சொல்லி அம்மா முதல் வாரம் சொல்லிப் பார்த்தார். "வாய்ல வர்றத கூப்பிடட்டும் லா" என்றார் அவர். என் வாயில் எதுவுமே வரவில்லை.

கேரி தீவிலிருந்து பெரியம்மா இன்றைக்கும் ஃபோன் செய்தார். "புடிக்கலன்னா சொல்லுடி. ராஜன காரோட அனுப்புறேன். இங்க உனக்கு ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு." சித்திரைப் புத்தாண்டு வரை பார்க்கிறேன், பிறகு பெரியம்மாவிடம் போனாலும் போவேன் என்று வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சரி என்றார். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19

மெதுவாக என்றால், யார்?

பிப்ரவரி 22, சனி

பக்கத்து அறையில் அங்கிள் ரயில் வைத்திருக்கிறார். பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருமாம், அம்மா சொன்னார். பிளைவுட் பலகை மேல் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, செம்பனை மரங்கள். மரங்களைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வெட்டிச் செய்திருக்கிறார். எஞ்சினுக்கு அவரே நீலமும் மஞ்சளும் அடித்திருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் நகம் அளவுக்கு ஒரு அம்மா குடை பிடித்து நிற்கிறார்.

நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் பலகையைச் சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றி வந்தது. போவதற்கு அதற்கு வேறு இடம் இல்லை.

அங்கிள் என்னைப் பார்த்துவிட்டார். "ஓட்டிப் பாக்குறியா மா?"

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா? எனக்கே தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும், பாவம்.

பிப்ரவரி 27, வியாழன்

கோடு என்னவென்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவும் நானும் கடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா லிட்டில் இந்தியாவில் பூக்கடையில் வேலை செய்கிறார், கட்டாத மீதிப் பூவை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான்தான் வேகமாகக் கட்டுவேன். கட்டிக்கொண்டே கேட்டேன்.

"அதுவா? ரயில் போறதுக்குப் போட்ட கோடு டி. நாம வர்றதுக்கு முன்னால, இந்த ரூம்லயும் தண்டவாளம் போடலாம்னு வச்சிருந்தாரு. நடு சுவர்ல ஓட்ட போட்டு, அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வர மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாம வந்துட்டோம்."

துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கேன்வாஸ் போட்டு மூடியிருக்கும் பலகைகள் அதற்காக வாங்கியவைதானாம். எத்தனையோ நாளாகத் தினமும் அதன் மேல்தான் சோப்புத்தூள் டப்பாவை வைக்கிறேன்.

நான் கேட்டேனா இந்த ரூம? யாராவது என்ன கேட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஹாலிலேயே படுத்திருப்பேன். இப்ப அவரு ரயிலு சுத்திக்கிட்டே இருக்கு, நான் அது வழியில படுத்துக் கெடக்குறேன்.

பெரியம்மாவிடம் போய்விட்டால் எல்லாருக்கும் சுலபம். அவருக்கு அறை கிடைக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

என் அறையில் தண்டவாளம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் போய்விட்ட பிறகு என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். பாதிதான் வெளியே வந்தது.

அம்மா அவரிடம் சொன்னது சமையலறையிலிருந்து கேட்டது.

"வேணாம் வாணி. பொம்பளப் புள்ள ரூம்ல ஓட்ட போடுறதா? நல்லாருக்காது."

"அவளேதான் சொல்றா."

"சொன்னா? அது அவ எடம். நான் கை வைக்கக் கூடாது."

அவ எடம்.

இந்த வீட்டில் என் துணி இருக்கிறது, என் தலையணை இருக்கிறது. என் இடம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

கட்டிலை நானே இழுத்து எதிர்ச்சுவரோரம் போட்டுவிட்டேன். அலமாரியையும். கோடு போட்ட சுவர் முழுக்கக் காலி.

அங்கிள் ஷிப்ட் முடிந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். என் அறைக்குள் அவர் காலே வைப்பதில்லை. துணியை மடித்துக் கொடுப்பதாக இருந்தாலும் வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போவார்.

"ஓட்டைக்கு ஒரு சின்னக் கதவு செஞ்சிடுறேன்" என்றார் கடைசியில். "தாழ்ப்பாள் உன் பக்கம் மட்டும்தான். நீ தொறந்தாதான் ரயில் வரும். சரியா மா?"

"ம்."

"அட, ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று அம்மா ஓடி வந்தார். "இன்னைக்கு மழதான்."

"கிள்ளான்ல தெனமும் மழதானே லா" என்றார் அங்கிள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று பள்ளி நினைவு. காரணம் இருக்கிறது.

அங்கிள் என் அறையில் கோட்டின்படி இரும்புத் தாங்கிகள் அடித்துப் பலகையை ஏற்றிவிட்டார். அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க அம்மாவும் கூடவே நின்றார். அழகாக இருக்கிறது. நாளைக்குச் சுவரைத் துளைக்கப்போகிறார். அவர் அறையிலும் இதேபோல் கோடு இருக்கிறது, துளை அந்தக் கோட்டில்தான்.

அவர் போன பிறகு சும்மா பலகையைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தோன்றியது. இரண்டு கோடும் ஒரே உயரம். ஆனால் எங்கிருந்து? டேப்பைத் தரையில் வைத்துத்தானே அளந்திருப்பார். என் அறை வீட்டுக்குப் பின்னால் பிறகு சேர்த்துக் கட்டியது. உள்ளே வர ஒரு படி இறங்க வேண்டும். வந்த புதிதில் அந்தப் படியில் நான் தடுக்கி விழாத நாள் இல்லை. என் தரையே தாழ்வு. அப்படியென்றால் என் கோடும் தாழ்வுதானே? அவர் பக்கத்திலிருந்து வரும் ரயில் என் பலகைக்கு மேலே அந்தரத்தில் வந்து நிற்கும்.

போய்ச் சொல்ல வேண்டும். நடையில் இரண்டு தடவை போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா இறந்த பிறகு வகுப்பில் இப்படித்தான் ஆனது. பதில் தெரியும். எழுந்து நிற்பேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தொண்டையில் ஒன்றும் இருக்காது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். சுவரை உடைத்த பிறகு சொல்லி என்ன பயன்?

மார்ச் 15, சனி

காலையிலேயே அங்கிள் டிரில்லை எடுத்துவிட்டார். ஒயரைச் செருகிச் சுவரில் வைக்கும் நேரம் அம்மா கத்தினார்.

"ஏங்க, ராகு காலம். பத்தரை வரைக்கும் அத தொடாதீங்க."

"ஓட்ட போடவா ராகு காலம் பாப்பாங்க?"

"வீட்டுச் சுவர ஒடைக்கிறீங்க. பல்லு புடுங்கவே நேரம் பாத்துட்டுப் போன ஆளு நீங்க."

அவர் டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். லாரிக்குக் காத்திருப்பவர் மாதிரி.

நான் அவர் அறை வாசலில் நின்றேன். இப்போது சொல். இப்போது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். போச்சு.

என் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அடியில் அப்பாவின் தண்ணீர்க் குழாய் சுருட்டியபடி இருந்தது. அப்பா வீடுகளுக்கு டைல்ஸ் போடுவார். அவர் சாமான்களையெல்லாம் விற்றபோது இந்தப் பிளாஸ்டிக் குழாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. விடுமுறையில் அவரோடு போவேன். குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை அவர் ஓர் அறையில் பிடிப்பார், மறுமுனையை நான் அடுத்த அறையில் பிடிப்பேன். நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.

குழாயைச் சமையலறையில் நிரப்பிக் கொண்டுபோய் அங்கிளிடம் ஒரு முனையை நீட்டினேன்.

"என்னமா இது?"

"தண்ணி."

அதற்கு மேல் வரவில்லை. மறுமுனையை இழுத்துக்கொண்டு நடை வழியாக என் அறைக்கு ஓடிவந்தேன். சுவர் நடுவில் இருந்தது. அவர் முகம் தெரியவில்லை.

"அங்கிள்."

என் குரல்தான். கொஞ்சம் சத்தமாகவே.

"சொல்லுமா."

"உங்க கோட்டுக்கு நேரா தண்ணி நிக்கிற மாதிரி புடிங்க."

"புடிச்சிட்டேன்."

"ஆட்டாதீங்க."

"ஆட்டல லா. மூச்சுகூட விடல."

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. கோட்டுலயே நிக்குது. அங்க?"

"இங்க கோட்டுக்கு நாலு விரல் மேல."

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். என் வாசலில் வந்து ஒரு காலைப் படிக்கு மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு தன் முழங்கால்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு ரூம்லயும் தரையிலேர்ந்து அளந்துட்டேன் லா" என்றார்.

"வருஷக் கணக்கா இந்த வீட்ல இருக்கீங்க, படி இருக்குறது தெரியாதா?" இது அம்மா.

"எனக்குத் தெரியும். கோடு போட்டப்ப ஞாபகம் இல்ல." சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. குழாயைத் தண்ணீர் சிந்தாமல் மெதுவாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "அப்பாவோடதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இந்தத் தடவை வாயால்.

"இனிமே எங்கிட்ட எதுன்னா சொல்லணும்னா அந்தப் பக்கம் போய் நின்னு சொல்லு. நல்லாக் கேக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பத்தரைக்குப் பிறகு தாங்கிகளைக் கழற்றினோம். பலகை நாலு விரல் மேலே ஏறிய பிறகுதான் துளை.

மார்ச் 23, ஞாயிறு

முதல் ரயில் என் அறைக்கு வந்தது. வேகமாக ஓட்டினேன், மூலையில் கவிழ்ந்தது. மெதுவாக என்று யாருக்கு எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. பக்கத்து வீட்டு காக் ரோஸ் ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினார். இரண்டு நாளாக நானும் அங்கிளும் ஜல்லி ஒட்டுகிறோம். ஜல்லி என்றால் சலித்த மணல்தான். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவில் பிரஷ்ஷால் பரப்பி, தண்ணீர் கலந்த கோந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவர் விரல்கள் தடிமன், மணல் தண்டவாளத்தின் மேலேறிவிடுகிறது. பூ கட்டிய விரல் எனக்கு. அதனால் வளைவெல்லாம் என் வேலை, நேர்ப்பாதை அவர் வேலை. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். துளை வழியாகப் பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் மணலைப் பற்றித்தான்.

பெரியம்மா ஃபோன் செய்தார். புத்தாண்டுக்கு வருகிறாராம். என்னைக் கூட்டிப்போகத் தயாராக வருகிறாராம். அம்மா இன்றைக்குப் பூ கட்டும்போது நூலை இரண்டு தடவை அறுத்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

அங்கிள் லீவு எடுத்திருந்தார். பெரியம்மாவும் ராஜன் அண்ணனும் பதினொரு மணிக்கு வந்தார்கள். சாப்பிட்டோம். மாங்காய்ப் பச்சடி நன்றாக இருந்தது. பிறகு பெரியம்மா என் அறையைப் பார்க்க வந்தார்.

சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன வாணி இது? வயசுப் புள்ள ரூம்ல இவ்ளோ பெரிய ஓட்ட."

அங்கிள் நடையில் நின்றார். அவர் காது சிவந்துபோனது. எல்லாரும் பார்த்தார்கள். வகுப்பு மாதிரியே.

நான் சின்னக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினேன். "தாழ்ப்பாள் எம்பக்கம்தான் பெரியம்மா. அந்தப் பக்கம் கைப்பிடிகூட கெடையாது."

பெரியம்மா தாழ்ப்பாளைத் தானே இழுத்துப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். "சரிடி. துணிய எடுத்து வை. ராஜன் கெளம்பி நிக்கிறான்."

"நான் வரல பெரியம்மா."

"ஏன்?"

"வேல இருக்கு."

"உனக்கு என்னடி வேல?"

"ஜல்லி ஒட்டணும். மூலை இன்னும் முடியல."

பெரியம்மா என்னைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். "ஜல்லியா?" என்று ராஜன் அண்ணனிடம் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். சமையலறைக்குப் போயிருந்த அம்மா குழாயைத் திறந்துவிட்டு மூடவேயில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

வடை கட்டிக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கார் திரும்பும் வரை கேட் அருகே நின்றேன். உள்ளே வந்து மூலைக்கு மணல் பரப்பினேன். கோந்து தீர்ந்திருந்தது. சின்னக் கதவைத் திறந்து, அந்தப் பக்கம் இருந்தவரைக் கூப்பிட்டுக் கோந்து கேட்டேன்.