பாய்லர் நோட்டில் எழுதியது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன், நம்பு.

அப்பா போனதிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். "மனசுல இருக்கிறத தினமும் எழுதுங்க," என்றார் கம்பெனி நர்ஸ். மணிக்கொரு தரம் எழுதும் பாய்லர் ரிப்போர்ட்டைத் தவிர எனக்கு என்ன எழுதத் தெரியும்? அதே மாதிரி நேரம் போட்டே ஆரம்பித்தேன்: "காலை 10 மணி. அப்பா போனபோது நான் பக்கத்தில் இல்லை. இன்னும் அழவில்லை."

வேலை மும்முரத்தில் அதை எழுதியது பாய்லர் நோட்டிலேயே! அடுத்த ஷிப்டுக்காரர் ஒவ்வொரு வரியையும் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பொறுப்பு கைமாறும். மானம் போச்சு என்று மறுநாள் திறந்தால், கீழே அவர் எழுதியிருந்தார்: "படிச்சேன். எங்கம்மா போனப்போ நானும் பக்கத்துல இல்ல." கையெழுத்தும் இருந்தது.

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பயப்படாதே, அதன்பிறகு நன்றாகப் பசிக்கிறது. இப்போது தினமும் எழுதுகிறேன், என் சொந்த நோட்டில்.

இங்கே கட்டம் போட்ட நோட்டுதான் கிடைக்கிறது. கோடு போட்டதாக மூன்று வாங்கு. இரண்டை அனுப்பு, ஒன்று எனக்கு, ஒன்று அந்த ஷிப்டுக்காரருக்கு. மூன்றாவதை நீ வைத்துக்கொள். போனில் நீ "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வதை நானும் நம்பவில்லை.

ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்